கேப்பர் மலைக் கிராவல்: எந்த அடுக்கு, எந்த வேலைக்கு?

சிமெண்ட் வாங்கும்போது மூட்டையில் தேதி பார்க்கிறோம். கம்பி வாங்கும்போது முத்திரை பார்க்கிறோம். பேஸ்மென்ட் நிரப்ப வரும் கிராவலை மட்டும் "செவப்பா இருக்கா? சரி, கொட்டு" என்று சொல்லி இறக்கிவிடுகிறோம். தரை உள்வாங்கி டைல்ஸ் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும்போது கொத்தனாரைத் திட்டுகிறோம். பல வீடுகளில் தவறு லோடு இறங்கிய அன்றைக்கே நடந்து முடிந்திருக்கும்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கேப்பர் மலை மண், செம்மண் கிராவல், வெறும் கிராவல் என்று பல பெயர்களில் யூனிட் கணக்கில் விற்கும் பொருளைப் பற்றியது இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேஸ்மென்ட் நிரப்ப இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல மண் கிடையாது. அழுத்திச் செய்யும் மண் கல்லுக்கும் அருமையான மண், சரியான அடுக்கிலிருந்து வந்தால். ரோட்டின் அடித்தளத்துக்கு லேப் சோதனை இல்லாமல் வாங்காதீர்கள். வெட்டிய கல்லாகச் சுமை தாங்கும் சுவருக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஒரே குன்றிலிருந்து வருவதற்கு இத்தனை வேறுபாடு ஏன் என்றால், அந்தக் குன்று ஒரே பொருளால் ஆனது இல்லை.

கேப்பர் மலை என்று சொன்னாலும் அது மலை இல்லை, கடலூரில் கெடில ஆற்றுக்குத் தெற்கே கிடக்கும் ஒரு சிவந்த மேட்டுநிலம். 1865 முதல் கடலூர் மத்திய சிறை இருக்கும் இடம். திருவந்திபுரத்தின் ஔஷதகிரியும் இதே மேட்டின் ஓரம்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹெச்.எஃப். பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறை வரிசைக்குக் "கடலூர் மணற்கல்" என்று பெயர் வைத்தார். ஊர் பெயர் நிலைத்துவிட்டது. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று மேற்கே விரிந்து, வடக்கே புதுச்சேரியின் கோரிமேடு, லாஸ்பேட்டை, ஆரோவில், திருவக்கரை வரைக்கும், தெற்கே தஞ்சைப் பக்கம் வரைக்கும் இதே படிவுதான் தலைகாட்டுகிறது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரூன்றி நிற்பதும் இந்தச் செம்மண்ணில்தான்.

வயது மயோசீன், பிளியோசீன் காலம். மயோசீன் தொடங்கி 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்து ஆறுகள் மேற்கேயிருந்து மணலையும் கூழாங்கல்லையும் களியையும் அடித்துக்கொண்டு வந்து கரையோரத்தில் கொட்டியதுதான் இந்தப் படிவு. ஆறு கொட்டிய மண் என்பதை வாங்குகிறவர் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே புரியும். ஆறு ஓடிய இடத்தில் மணல், ஒதுங்கிய இடத்தில் களி, வேகம் எடுத்த இடத்தில் கூழாங்கல். அதனால்தான் ஒரு குழியில் நல்ல கிராவல் வரும், பத்தடி தள்ளி பொக்லைன் வாரினால் வெள்ளைக் களி வரும். படிந்து முடிந்த பிறகு மழையும் வெயிலும் மாறி மாறி மேற்பகுதியிலிருந்த மற்ற உப்புகளைக் கழுவிவிட்டு, இரும்பை மட்டும் நிறுத்திவைத்தன. அந்த இரும்புதான் நிறம், அந்த இரும்புதான் பலம்.

ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடைத்தால் உள்ளே ஒரே நிறம் இருக்காது. கருஞ்சிவப்பு, காவி, மஞ்சள், நடுநடுவே வெள்ளைத் திட்டு. கருஞ்சிவப்புப் பகுதியை நகத்தால் கீறினால் நகம்தான் தேயும். அங்கே இரும்பு ஆக்சைடு மணலைச் சுற்றிப் பசையாக இறுகியிருக்கிறது. மஞ்சள் பகுதி விரலால் அழுத்தினால் பொலபொலவென உதிரும். வெள்ளைத் திட்டை உதட்டில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்; அது கயோலின் களி. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் தரம். ஒரே கட்டியில் ஓரிடம் இறுகி ஓரிடம் உதிர்வதால்தான் வெட்டிய கல்லாகச் சுவருக்கு வேண்டாம் என்றோம்.

குழியின் ஓரச் சுவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மேலே வேரும் இலைமக்கும் கலந்த செம்மண். அதை நிரப்பப் பயன்படுத்தக்கூடாது. வேர் மக்கினால் வெற்றிடம் விழும், கரையான் வரும். அதற்குக் கீழே மிளகு அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை இரும்புக் குண்டுகளும் கூழாங்கல்லும் நிறைந்த அடுக்கு. உண்மையான கிராவல் என்றால் இதுதான். இதன் கனம் இடத்துக்கு இடம் மாறும். சில இடத்தில் ஆளுயரம், சில இடத்தில் முழங்கால் அளவுகூட இல்லை. அதற்கும் கீழே சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் கலந்த புள்ளி மண்: மணல் பாதி, களி கால். இதுவும் நிரப்ப ஆகும், மண் கல்லுக்கும் ஆகும். இன்னும் கீழே போனால் வெளுத்த, உதிரும் மணற்கல், இடையிடையே களிப் பட்டைகள். நல்ல அடுக்கு தீர்ந்த குழியிலிருந்து வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி அடுக்குதான். நிறம் வெளுத்து, ஈரத்தில் வழுக்கி, காய்ந்தால் பவுடராகப் பறக்கிறது என்றால் அங்கேதான் தோண்டுகிறார்கள் என்று அர்த்தம்.

இந்த மண்ணின் பெரிய குணம் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. இதிலிருக்கும் களி பெரும்பாலும் கயோலின் வகை. தண்ணீர் பட்டால் அதிகம் உப்பாது, காய்ந்தால் அதிகம் சுருங்காது. டெல்டாப் பக்கத்துக் கருங்களியோ, வழுதாவூர், சேதராப்பட்டுப் பக்கம் மயோசீனுக்கு முந்தைய கிரெத்தேசியஸ் காலப் பாறைகளின்மேல் கிடக்கும் கருமண்ணோ அப்படியில்லை; கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் தரையைத் தூக்கும். ஏரி சவுடு விலை குறைவு என்று சிலர் அதை வாங்கி நிரப்புகிறார்கள். வண்டலும் மக்கும் கலந்த அந்த மண்ணைக் கிராவலோடு ஒப்பிடவே கூடாது. வீட்டுக்குள் தரைக்கு அடியில் போகிற மண்ணில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

லோடு வாசலுக்கு வந்ததும்

முதலில் அளவு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பரின் உள்நீளம், உள்அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, ஏறக்குறைய 3 யூனிட். நடுவில் குவித்து ஓரத்தில் தாழ்ந்திருந்தால் தலைதட்டி மட்டம் செய்து அளக்கச் சொல்லுங்கள். இறக்கிய பிறகு அளப்பதில் பயனில்லை. குவாரியிலிருந்து மண் ஏற்றிவர அனுமதி தரும் நடைச்சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிராவல் சிறுகனிமம், 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் கீழ் வருவது. தமிழ்நாட்டுக் குவாரியிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் லோடுக்கும் சீட்டு வேண்டும். சீட்டில் குவாரி எது என்று இருக்கும். அது சட்டத்துக்கு மட்டும் இல்லை, மண் எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிவதற்கும்தான்.

பிறகு தரம். ஒரு கைப்பிடி எடுத்துக் கொஞ்சம் நனைத்து உருண்டை பிடித்து நெஞ்சுயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் நல்ல மண், சரியான ஈரம். தூளாகச் சிதறினால் ஈரம் போதவில்லை, அல்லது களியே இல்லாத வெறும் மணல். உடையாமல் தட்டையாக அப்பிக்கொண்டால் ஈரமோ களியோ அதிகம். இந்தச் சோதனையை இரண்டு மூன்று ஈரத்தில் செய்து பார்த்தால் எது காரணம் என்று பிரித்துவிடலாம்.

அடுத்தது பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலோ, வெளிப்படையான பிளாஸ்டிக் பாட்டிலோ போதும். பெரிய கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கு மண் போடுங்கள். முக்கால் பாட்டில் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சமையல் உப்பு. உப்பு எதற்கென்றால் களித் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சீக்கிரம் அடியில் தங்கும். இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்கியது மணல். பேனாவால் கோடு போடுங்கள். முக்கால் மணி நேரத்தில் அதன்மேல் தங்கியது வண்டல். மறுநாள் காலை மேலே மெல்லிய பட்டுப்போலப் படிந்திருப்பது களி. களி தண்ணீரில் ஊறி உப்பி நிற்கும் என்பதால் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். நிரப்பும் மண்ணுக்கு வண்டலும் களியும் சேர்ந்து மொத்தத்தில் கால் பங்குக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்றில் ஒரு பங்குவரை சமாளிக்கலாம், இடித்து இறுக்குவதில் கவனம் கூட வேண்டும். பாதி களி என்றால் திருப்பி அனுப்புங்கள்.

கறுத்த, சாம்பல் நிறக் களி கலந்து வந்தால், அதிலும் கந்தக வாடை அடித்தால், ஒரு சட்டிகூட உள்ளே விடாதீர்கள். பழுப்பு நிலக்கரியை ஒட்டிய அடுக்குகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. காற்றும் ஈரமும் பட்டால் அது அமிலமாக மாறும், கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் ஆகாது. கேப்பர் மலையின் மேலடுக்கில் இது வராது. எங்கிருந்தோ கலந்து வரும் லோடுகளில்தான் இந்த ஆபத்து.

பேஸ்மென்ட் நிரப்புதல்: தண்ணீர் தேக்கும் பழக்கம்

இங்கே நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான், அதனால் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டரை அடி உயரத்துக்கும் ஒரே தடவையில் கிராவலைக் கொட்டி, மேலே ஹோஸ் போட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு, "தானா இறங்கிடும்" என்று விடுகிறார்கள். ஆற்று மணலுக்கு இது ஓரளவு சரி. மணலில் தண்ணீர் கீழே ஓடும்போது துகள்களை நெருக்கி உட்கார வைத்துவிட்டுப் போய்விடும். கிராவலில் கால் பங்கு களியும் வண்டலும் இருக்கிறது. தண்ணீர் ஓடாது, தங்கும். களி கரைந்து குழம்பாகி மேலே மிதக்கும், கீழே குண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் அப்படியே நிற்கும். மேற்பரப்பு காய்ந்து இறுகியதும் பார்க்க மொசைக் தரைபோலத் தெரியும். உள்ளே பொத்தல். ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் அந்த வெற்றிடம் அடைபடும், தரை இறங்கும், ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும்.

அதோடு, புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட் சுவரை இந்தக் குழம்பு வெளியே தள்ளும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நடுவில் வயிறு வைத்திருப்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

செய்ய வேண்டியது இது. சுவர் கட்டி ஒரு வாரமாவது நீராற்றிய பிறகுதான் நிரப்பத் தொடங்க வேண்டும். உள்ளே பழைய மேல்மண்ணை வேரோடு வழித்து எடுங்கள். கிராவலை 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி கனத்துக்குப் பரப்புங்கள். பூவாளியில் தெளிப்பதுபோலத் தண்ணீர் தெளித்து மண்வெட்டியால் புரட்டி, உருண்டை சோதனையில் நாலைந்து துண்டாக உடையும் ஈரத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த மண்ணுக்கு அது எடையில் சுமார் 10 சதவீத ஈரம். பிறகு இடியுங்கள். சின்ன அறைக்குக் கையால் இடிக்கும் திமிசுக்கட்டை போதும். பெரிய இடத்துக்கு எர்த் ரேமர் என்ற இடிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். தட்டு வைப்ரேட்டர் மணலுக்கு நல்லது, களி கலந்த கிராவலில் மேலே மட்டும் தட்டிவிட்டுப் போகும். மூலைகளையும் சுவரோரத்தையும் கையால் இடிக்காமல் விட்டால் அங்கேதான் முதலில் இறங்கும். ஓர் அறையை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். நடுச்சுவரின் இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாக ஏற வேண்டும்.

அடுக்கு இறுகிவிட்டதா என்று பார்க்க 10 எம்எம் கம்பியின் மழுங்கிய முனையை நிமிர்த்தி வைத்து உடல் எடையோடு அழுத்துங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் இன்னும் இடிக்க வேண்டும். பெரிய கட்டடம் என்றால் இறுகிய மண்ணின் அடர்த்தியை அளக்கும் கோர் கட்டர் சோதனை செய்யச் சொல்லுங்கள், செலவு சொற்பம். கடைசி அடுக்குக்கு மேல் கரையான் மருந்து, அதன்மேல் நாலு அங்குல மணல், பிறகு பிசிசி, அதாவது கம்பி இல்லாத கான்கிரீட்.

எத்தனை யூனிட் சொல்வது? 20 அடிக்கு 30 அடி, இரண்டரை அடி உயரம் என்றால் 1500 கன அடி. லாரியில் வருவது உதிரி மண்; இடித்தால் அடங்கும். முப்பது சதவீதம் கூட்டினால் 1950 கன அடி, ஏறக்குறைய 20 யூனிட். "15 யூனிட்டே போதும்" என்று யாராவது கணக்குச் சொன்னால் அவர் இடிக்கப் போவதில்லை என்று பொருள். இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பந்தக்காரரை எடைபோடலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் எல்லோரும் பேஸ்மென்டை உயர்த்திக் கட்டுகிறோம். உயரம் கூடக் கூட இந்தத் தவறின் விலையும் கூடும்.

ஐப்பசி, கார்த்திகையில் லோடு எடுப்பதைத் தவிருங்கள். குழியிலேயே ஊறிய மண் வரும். ரேமர் வைத்தால் மெத்தைபோல அமுங்கி எழும், இறுகாது. வேறு வழியில்லை என்றால் இறக்கிப் பரப்பி இரண்டு வெயில் காட்டிவிட்டு உள்ளே தள்ளுங்கள்.

மண் கல்

ஆரோவில் பக்கம் போனவர்கள் பூசாத சிவப்புச் சுவர்களைப் பார்த்திருப்பார்கள். கடலூர் மணற்கல் படிவின் மண்ணைச் சலித்து, 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, அழுத்து இயந்திரத்தில் பிழிந்து எடுத்த கற்கள் அவை. ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இதை 1989 முதல் கற்பித்து வருகிறது. ஆரம் 3000 என்ற கைஇயந்திரம் அங்கே வடிவமைத்தது. சுட வேண்டியதில்லை, விறகு இல்லை, புகை இல்லை. இந்த மண்ணின் குணத்தைப் புரிந்துகொண்டு செய்த பொருள் என்பதால் இதற்குத் தனி மரியாதை உண்டு.

இதற்கு ஏற்றது குண்டு நிறைந்த மேலடுக்கு இல்லை, அதன் கீழேயுள்ள புள்ளி மண். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்பது எட்ட வேண்டிய விகிதம். மண்ணைக் காயவைத்து 10 எம்எம் சல்லடையில் சலிக்க வேண்டும். களி கூடினால் ஆற்று மணலோ எம்-சாண்டோ சேர்க்கலாம். எவ்வளவு என்று தெரிய, 60 சென்டிமீட்டர் நீளம், 4க்கு 4 சென்டிமீட்டர் குறுக்களவில் மரப்பெட்டி செய்து உள்ளே எண்ணெய் தடவி, மண்ணைக் குழைத்து நிரப்பி நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். ஓரத்தில் விழும் இடைவெளி சுருக்கத்தின் அளவு. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கினால் மணல் சேர்த்து மறுபடி செய்து பாருங்கள்.

24 சென்டிமீட்டர் சதுரம், 9 சென்டிமீட்டர் கனமுள்ள கல் ஒன்று சுமார் 10 கிலோ. 5 சதவீதம் என்றால் ஒரு கல்லுக்கு அரைக் கிலோ சிமெண்ட், ஒரு மூட்டைக்கு நூறு கல். யாராவது மூட்டைக்கு நூற்றைம்பது கல் என்றால் அது சதவீதத்தில் கைவைத்த கல். தண்ணீர் கலந்த கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடிக்க வேண்டும். சாப்பாட்டு வேளைக்கு முன் கலந்துவைத்துவிட்டுப் போனால் அந்தக் கலவை வீண். அழுத்திய கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, பிறகு நான்கு வாரம் நிழலில் நனைத்து நீராற்ற வேண்டும். கெடுவது இங்கேதான். கெட்டியாகத் தெரிகிறது என்று பத்தாம் நாளே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஓரம் மழுங்கி, மூலை உடைந்து, மழை அடிக்கும் சுவரில் இரண்டே வருடத்தில் அரிப்பு விழும்.

வாங்கும்போது ஒரு கல்லைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு எடுத்து விளிம்பை விரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் காவி படியலாம், மணல் உதிரக்கூடாது. ஊறப்போடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். பத்துக் கிலோ கல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் குடித்தால் வேண்டாம். இந்தக் கற்களுக்கு ஐஎஸ் 1725 என்ற தரநிலை இருக்கிறது. சோதனைச் சான்று கேட்பது உங்கள் உரிமை. ஈரத்தில் இந்தக் கல்லின் பலம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதால் தரைக்கு மேல் ஒன்றரை அடிவரை செங்கல்லோ கருங்கல்லோ கட்டி, மேலே கூரையைச் சுவருக்கு வெளியே இரண்டடி நீட்டி இறக்கிவிடுங்கள். கடற்காற்று அடிக்கும் மேற்பரப்புக்கு இது கட்டாயம்.

ரோடு, முற்றம், மற்றவை

ரோட்டின் அடித்தளமான கிரானுலர் சப்-பேஸுக்குக் கேப்பர் மலைக் கிராவல் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதாது. சாலை அமைச்சகத்தின் விதிப்படி 425 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூளின் லிக்விட் லிமிட் (மண் குழம்பாகத் தொடங்கும் ஈர அளவு) 25-க்குள்ளும், பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் (மண் களிபோலக் குழையும் ஈர இடைவெளி) 6-க்குள்ளும் இருக்க வேண்டும். குண்டு அடுக்கின் நல்ல பகுதி சில சமயம் இதைத் தொடும், புள்ளி மண் தொடாது. தொடாத மண்ணோடு ஜல்லி கலந்து விகிதத்தைச் சரிசெய்யலாம். அப்படியே போட்டால் மழையில் சப்-பேஸ் தண்ணீரை வெளியேற்றாமல் தேக்கும், மேலே தார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சக்கரத் தடத்தில் பள்ளம் விழும். ஜல்லிக்கு இந்தப் படிவை நம்ப முடியாது. அது திருவக்கரை, மயிலம் பக்கத்துக் கருங்கல் குவாரிகளின் வேலை.

வீட்டு முற்றத்துக்கும் தோப்புப் பாதைக்கும் கிராவல் அழகு. இரண்டு அடுக்காக இடித்து அரையடி கனம், மேல் அடுக்கில் ஐந்தில் ஒரு பங்கு 20 எம்எம் ஜல்லி கலந்து, பத்தடிக்கு நாலு அங்குலம் சரிவு. சரிவு இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வழுக்கும். சுவர் வெள்ளையடித்த பிறகு கிராவல் லோடு எடுக்காதீர்கள். அந்தக் காவிக் கறை எளிதில் போகாது.

அதே படிவின் களிதான் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு அடிப்படை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் மலைபோல் குவிந்து கிடக்கும் மேல்மண்ணும் இதே மணற்கல்தான். சுரங்க இயந்திரங்களின் பல்லைத் தேய்ப்பது இதிலுள்ள குவார்ட்ஸ் மணல், நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைக்காமல் அங்கே தோண்டவே முடியாது. கடலூரும் புதுச்சேரியும் குடிக்கும் நிலத்தடி நீரில் பெரும்பங்கு இந்த மணற்கல்லில் தேங்குவது. மேட்டில் பெய்யும் மழைதான் உள்ளே இறங்குகிறது. அதனால் கிராவல் எடுத்து முடிந்த குழியில் குப்பை கொட்டுவது, குடிநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து குப்பை போடுவதற்குச் சமம். குவாரியைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய குழியை என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஆரோவிலில் 1968-க்குப் பிறகு வரப்புப் போட்டு மரம் நட்டு இதே செம்மண் மேட்டில் ஓடைகள் அரித்த நிலத்தை மீட்டிருக்கிறார்கள். மனது வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

லோடில் எப்போதாவது மரப்பட்டைபோல வரி ஓடிய, தூக்கினால் கனக்கிற கல் ஒன்று வரலாம். அது கல்மரம். அந்த ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லானவை. திருவக்கரையில் புவியியல் ஆய்வுத் துறை 1940-இல் அமைத்த தேசியக் கல்மரப் பூங்காவில் முழு மரங்களே கிடக்கின்றன. அப்படி ஒரு துண்டு கிடைத்தால் திமிசுக்கட்டைக்கு அடியில் போடாமல் எடுத்துப் பத்திரப்படுத்தி, பக்கத்து அருங்காட்சியகத்துக்கோ கல்லூரியின் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள்.

விலை குவாரியின் தூரத்தைப் பொறுத்தது. மண்ணைவிட டீசலுக்குத்தான் அதிகம் கொடுக்கிறோம். அதனால் ஒரே குவாரியில் மொத்தத் தேவைக்கும் பேசி முடிப்பது லாபம். ஆனால் முதல் லோடு இறங்கியதும் இரண்டு கிலோ மண்ணைப் பாலித்தீன் பையில் கட்டி, தேதியும் வண்டி எண்ணும் எழுதி சைட்டில் மாட்டிவையுங்கள். ஐந்தாவது லோடு வரும்போது அதைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்தாவதில்தான் நிறம் வெளுக்கத் தொடங்கும்.